பாகையை மட்டும் அளந்தால் போதுமா?

உயர்நிலை ஒன்று, இரண்டில் படிப்பவர்களுக்கு இது நினைவிருக்கும். பள்ளிச் சுகாதாரப் பரிசோதனை நாளன்று தாதி உங்கள் முதுகுப் பக்கம் நின்றுகொண்டு, இரு கைகளையும் சேர்த்து, முழங்காலை மடக்காமல் முன்னால் குனியச் சொல்வார். பத்து விநாடி ஆகும். "சரி, அடுத்தவர்" என்பார். எதற்காகக் குனிந்தோம் என்று கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்?

வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1865இல் விவரித்த சோதனை அது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது வளைவதோடு நின்றுவிடுவதில்லை. ஈரத்துணியைப் பிழிவதுபோல் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அதோடு ஒட்டியிருக்கும் விலா எலும்புகளும் சேர்ந்து திரும்புகின்றன. நேராக நிற்கும்போது சட்டைக்குள் மறைந்திருக்கும் அந்தத் திருப்பம், குனிந்தால் முதுகின் ஒரு பக்கத்தில் மேடாகத் தெரியும். தாதியின் கையில் இருக்கும் சின்னக் கருவி கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் போன்றது. அந்த மேட்டின் சாய்வை அது அளக்கிறது.

இந்த நிலைக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 பாகையாகவோ அதற்கு மேலோ இருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பாகையை அளக்கும் முறையை 1948இல் நியூயார்க் மருத்துவர் ஜான் காப் வகுத்துக் கொடுத்தார். வளைவின் மேல் முனையில் மிகவும் சாய்ந்திருக்கும் முள்ளெலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோடு, கீழ் முனையில் மிகவும் சாய்ந்திருக்கும் எலும்பின் கீழ்விளிம்பில் ஒரு கோடு, இரண்டுக்கும் இடையே உள்ள கோணம். நீங்கள் கணிதத்தில் அளக்கும் அதே கோணம்தான். உங்கள் அளவீட்டில் பிழை வருவதுபோல் மருத்துவர்கள் அளவீட்டிலும் வரும். ஒரே படத்தை இருவர் அளந்தால் ஏறக்குறைய 5 பாகை வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது இத்துறையில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட விஷயம். ஆகவே போன முறை 22, இந்த முறை 25 என்றால் வளைவு கூடிவிட்டது என்று உடனே பதறவேண்டியதில்லை.

எவ்வளவு பேருக்கு இது இருக்கிறது? சிங்கப்பூரில் 72,699 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. 13, 14 வயதுப் பெண்களில் 2.22 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 0.66 விழுக்காட்டினருக்கும் ஸ்கோலியோசிஸ் இருந்தது. உங்கள் பள்ளியில் உங்கள் நிலையில் 150 மாணவியரும் 150 மாணவர்களும் இருந்தால், சராசரியாக மூன்று மாணவியர், ஒரு மாணவர். பெரும்பாலோருக்கு லேசான வளைவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். சிலருக்கு மட்டும் வளர்ச்சிப் பருவத்தில் வளைவு வேகமாகக் கூடும்.

காரணம்? உங்கள் வயதில் வரும் ஸ்கோலியோசிஸில் பெரும்பாலானவற்றுக்குத் திட்டவட்டமான ஒரு காரணத்தை அறிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. கனமான புத்தகப் பை காரணம் இல்லை. கோணலாக உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பதும் காரணம் இல்லை. (கோணலாக உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. கழுத்து வலி வரும்.) "நேரா உட்காருன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டியா?" என்று எந்த அம்மாவும் மகளைக் குற்றம் சொல்லவேண்டியதில்லை என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

தமிழ் வீடுகளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மிடம் 'கூன்' என்று ஒரு சொல் உண்டு. முதுகு முன்பக்கமாக வளைவது கூன். ஸ்கோலியோசிஸ் பக்கவாட்டு வளைவு. இரண்டும் வேறு. ஆனாலும் முதுகு என்று பேச்செடுத்தாலே பாட்டிமார் வாயில் வருவது அந்தச் சொல்தான். இராமாயணத்தில் வரும் மந்தரையை நாம் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, கூனி என்கிறோம். ஒரு பெண்ணின் முதுகையே அவள் குணத்துக்கு அடையாளமாக்கிய கதையைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தில், மகளுக்கு முதுகெலும்பு வளைந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் முதல் கவலை எத்தனை பாகை என்பதாக இருக்காது. "வெளியே யாருக்கும் தெரியவேண்டாம்" என்பதாகத்தான் இருக்கும். இந்தக் கவலைக்கும் மருத்துவ ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நேரடியான தொடர்பு இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

வளைவு 20 முதல் 40 பாகை வரை இருந்து, எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால், மருத்துவர்கள் பெரும்பாலும் பிரேஸ் போடச் சொல்வார்கள். அக்குளிலிருந்து இடுப்புவரை உடலை இறுக்கிப் பிடிக்கும் கெட்டி பிளாஸ்டிக் கவசம் அது. 1940களில் வந்த மில்வாக்கி பிரேஸ் இன்னும் பயங்கரம். உலோகக் கம்பிகள் கழுத்துவரை வந்து தாடைக்குக் கீழே முட்டும். 1970களில் பாஸ்டன் பிரேஸ் வந்த பிறகு சட்டைக்குள் மறைக்க முடிந்தது.

கவனியுங்கள். 1940களிலிருந்து பிள்ளைகளுக்கு பிரேஸ் போடுகிறார்கள். அது உண்மையில் பலன் தருகிறதா என்பதற்குக் குலுக்கல் முறை ஆய்வின் வலுவான சான்று கிடைத்தது 2013இல். நடுவில் அறுபது ஆண்டுகளுக்கு மேல். ஏன் இவ்வளவு தாமதம்?

ஒரு காரணம் நீங்கள் அறிவியல் பாடத்தில் படிக்கும் கட்டுப்பாட்டுச் சோதனைதான். பிரேஸ் போட்ட ஒரு பெண்ணின் வளைவு கூடவில்லை என்று வையுங்கள். பாராட்டு யாருக்கு? பிரேஸ் போடாவிட்டாலும் அவளுக்கு வளைவு கூடாமல் இருந்திருக்கலாமே. எத்தனையோ பேருக்கு அது தானாகவே நின்றுவிடுகிறது. ஆகவே பிரேஸ் போடாத, மற்றபடி ஒரேமாதிரியான இன்னொரு குழு வேண்டும். யார் எந்தக் குழு என்பதை மருத்துவரும் தீர்மானிக்கக்கூடாது, பெற்றோரும் தீர்மானிக்கக்கூடாது. குலுக்கல் தீர்மானிக்கவேண்டும்.

இங்கேதான் முட்டுக்கட்டை. "என் மகளுக்கு பிரேஸ் போடுவதா வேண்டாமா என்பதைக் குலுக்கிப் போட்டா முடிவு செய்வீர்கள்?" என்று எந்தப் பெற்றோருக்கும் தோன்றும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் வைன்ஸ்டீன், லோரி டோலன் ஆகியோர் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவ நிலையங்களில் 2007இல் தொடங்கிய ஆய்வு இதில்தான் மாட்டிக்கொண்டது. குலுக்கலுக்குச் சம்மதித்த குடும்பங்கள் போதவில்லை. ஆகவே வடிவத்தை மாற்றினார்கள். குலுக்கலுக்குச் சம்மதிப்பவர்கள் ஒரு பிரிவு. தங்கள் விருப்பப்படி பிரேஸையோ வெறும் கண்காணிப்பையோ தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொரு பிரிவு. முதல் பிரிவில் 116 பேர், இரண்டாவதில் 126 பேர், மொத்தம் 242. எல்லாரும் 10 முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள்.

வளர்ச்சி முடியும்போது வளைவு 50 பாகையைத் தொடாமல் இருந்தால் வெற்றி, தொட்டால் தோல்வி. 50 என்ற எண்ணுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தாண்டிய வளைவு வளர்ச்சி நின்ற பிறகும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் போக்குடையது. அங்கேதான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு தொடங்கும்.

முடிவு: பிரேஸ் போட்டவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வெற்றி, கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 விழுக்காட்டினருக்கு வெற்றி. குலுக்கல் பிரிவை மட்டும் எடுத்தால் 75க்கு 42. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆய்வைக் கண்காணித்த குழு அதை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னது. பலன் தரும் சிகிச்சை என்று தெரிந்த பிறகு, ஒரு குழுவுக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமில்லை அல்லவா?

பெரும்பாலான செய்திகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். "பிரேஸ் பலன் தருகிறது" என்று தலைப்புப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் போகவேண்டாம். அந்த 42ஐ மறுபடி பாருங்கள். பிரேஸே கொடுக்கப்படாத குழுவில் பத்தில் நால்வர் தப்பித்துவிட்டார்கள். ஆய்வாளர்களின் கணக்குப்படி, ஒருவரை அந்த 50 பாகையிலிருந்து காப்பாற்ற ஏறக்குறைய மூவருக்கு பிரேஸ் போடவேண்டும். மற்ற இருவரில் ஒருவர் பிரேஸ் இல்லாமலும் தப்பித்திருப்பார். இன்னொருவருக்கு பிரேஸ் போட்டும் வளைவு கூடும். மூவரில் யார் எவர் என்பதை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல வழி இல்லை. ஆகவே மூவரும் போட்டுக்கொள்கிறார்கள்.

மருந்து மாத்திரை என்றால் இதில் பெரிய சங்கடம் இல்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, முடிந்தது. இந்தச் சிகிச்சையை நாளுக்கு 18 மணி நேரம் உடலில் சுமக்கவேண்டும், அதுவும் 12, 13 வயதில். கண்ணாடி முன் நிற்கும் நேரம் கூடத் தொடங்கும் வயது அது. ஆகவே 'பலன் தருகிறதா' என்ற கேள்வியோடு 'அந்த இரண்டு, மூன்று ஆண்டுகள் எப்படிப் போயின' என்ற கேள்வியும் சேர்ந்தே கேட்கப்படவேண்டும். இதைத்தான் ஆய்வாளர்கள் வாழ்க்கைத் தரம் என்கிறார்கள்.

'வாழ்க்கைத் தரமா? அதை எப்படி அளப்பது? அதெல்லாம் அறிவியலா?' என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. அளக்கமுடியும். வினாத்தாள் மூலம். ஸ்கோலியோசிஸ் ஆய்வுச் சங்கத்தின் பெயரில் 22 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் உலகம் முழுவதும் புழங்குகிறது. வலி, அன்றாடச் செயல்பாடு, தன் தோற்றம் பற்றிய எண்ணம், மனநலம், சிகிச்சையில் திருப்தி என்று ஐந்து பகுதிகள். ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். உடுத்திய துணியில் நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பதுகூட அதில் வரும். இதே நிலை மறுபடி வந்தால் இதே சிகிச்சையை ஏற்பீர்களா என்பதும் வரும். எக்ஸ்ரே படத்தால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. காப் கோணம்கூட 5 பாகை முன்னே பின்னே போகக்கூடியதுதான் என்பதை மறந்துவிட்டு, வினாத்தாளை மட்டும் 'துல்லியமில்லை' என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2013 ஆய்விலும் வாழ்க்கைத் தரத்தை அளந்தார்கள். எல்லாச் சிறார்களுக்கும் பொதுவான, 23 கேள்விகள் கொண்ட வேறொரு வினாத்தாளைப் பயன்படுத்தினார்கள். முடிவு பலருக்கும் வியப்பளித்தது. பிரேஸ் போட்ட குழுவுக்கும் போடாத குழுவுக்கும் சராசரியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நல்ல செய்திதான். பிரேஸ் போட்டால் பிள்ளையின் வாழ்க்கையே போய்விடும் என்று பயப்படும் பெற்றோருக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் 'பிரேஸ் யாரையும் வருத்துவதில்லை' என்று இதைப் படித்துவிடாதீர்கள். அதற்கு என்னிடம் மூன்று மறுப்புகள் உண்டு.

சராசரி என்பது சராசரிதான். வகுப்பின் சராசரி 65 என்றால் 30 வாங்கியவர் இல்லை என்று ஆகாது. பிரேஸ் போட்டவர்களில் ஒருவர் மனப்பதற்றம், மனச்சோர்வு காரணமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை அந்த ஆய்வே பதிவுசெய்திருக்கிறது. ஒரே ஒருவர் என்பதால் பிரேஸ்தான் காரணம் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் சராசரிக்குள் அந்த ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

அடுத்தது வினாத்தாள். பொதுவான வினாத்தாள் ஓடுவது, தூங்குவது, நண்பர்கள், பள்ளி என்று பொதுவாகத்தான் கேட்கும். கவசத்துக்குள் வியர்த்து அரிப்பதையோ, கட்டிப்பிடிக்க வரும் தோழியின் கை 'டக்' என்று பிளாஸ்டிக்கில் படும் கணத்தையோ அது குறிப்பாகக் கேட்காது. தோல் பிரச்சினைகள் பிரேஸ் குழுவில் தனியாகப் பதிவானதும் இதனால்தான் முக்கியம்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரேஸ் குழுவில் இருந்த எல்லாரும் பிரேஸைப் போட்டார்களா?

இந்த ஆய்வின் அழகான பகுதி இது. பிள்ளைகளிடம் 'எத்தனை மணி நேரம் போட்டாய்?' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டுப்பாடம் செய்தாயா என்று நான் கேட்டால் வரும் பதில்தான். ஆகவே பிரேஸுக்குள் சின்ன வெப்ப உணரி ஒன்றைப் பதித்தார்கள். உடலில் இருந்தால் வெப்பநிலை உடல் சூட்டுக்கு அருகில் இருக்கும், கழற்றி வைத்தால் அறை வெப்பநிலைக்கு இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்பது தானாகப் பதிவாகும். (உங்களுக்கு ஒரு கேள்வி: குளிர்சாதனம் இல்லாத நம்மூர் அறையில் மத்தியானம் 32 டிகிரி செல்சியஸ் இருக்கிறது. கழற்றி வைத்த பிரேஸை இந்த உணரி எப்படி அடையாளம் காணும்? ஐயோவாவில் எளிதான அளவீடு இங்கே எளிதில்லை. திருத்தம் எப்படிச் செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.)

உணரி சொன்னது இதுதான். நாளுக்குச் சராசரியாக 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ போட்டவர்களின் வெற்றி விகிதம், பிரேஸ் போடாதவர்களின் விகிதத்தைப் போலவே இருந்தது. சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி. போடச்சொன்னது 18 மணி நேரம். பலர் அதன் அருகில்கூட வரவில்லை.

இப்போது வாழ்க்கைத் தர முடிவைத் திரும்பப் பாருங்கள். பிரேஸைத் தாங்கமுடியாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்? கழற்றி வைத்திருப்பார்கள். கழற்றி வைத்தால் வாழ்க்கைத் தரம் சரியாகிவிடும், வினாத்தாளில் நல்ல மதிப்பெண் வரும். ஆனால் வளைவு கூடும். அதாவது ஒருவருடைய துன்பம் வாழ்க்கைத் தரம் என்ற நிரலில் பதிவாகாமல், 'தோல்வி' என்ற நிரலில் பதிவாகியிருக்கலாம். இது என் ஊகம், ஆய்வு இப்படிச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நிரலையும் தனித்தனியாகப் படித்தால் இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே கண்ணில் படாது.

உங்களில் கூர்மையானவர்கள் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீர்கள். "சார், மணி நேரம் குலுக்கல்படி கொடுக்கப்படவில்லையே? கூடுதல் நேரம் போட்டவர்கள் வேறு விதத்திலும் வித்தியாசமானவர்களாக இருக்கலாமே?" சரியான கேள்வி. வளைவு விறைப்பாக இருப்பவர்களுக்கு பிரேஸ் கூடுதலாக வலித்து, அதனாலேயே குறைவாகப் போட்டிருக்கலாம். அப்படியானால் விறைப்புதான் இரண்டுக்கும் காரணம். தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இருந்தாலும், பிரேஸ் பலன் தருவதைக் குலுக்கல் ஏற்கெனவே காட்டிவிட்டது. போட்டால்தான் பலன் தரும் என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஆகவே நேரம் முக்கியம் என்பதை நான் ஏற்கிறேன்.

அந்த நேரம் எங்கே தொலைகிறது? ஒரு கணக்குப் போடுவோம். காலை ஆறரைக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு மாணவி பிரேஸைக் கழற்றி அலமாரியில் வைக்கிறாள். பள்ளி, பிறகு இணைப்பாட நடவடிக்கை, பிறகு பேருந்து, குளியல், சாப்பாடு. இரவு 7 மணிக்கு மறுபடி மாட்டுகிறாள். மறுநாள் ஆறரை வரை தூக்கத்தையும் சேர்த்து பதினொன்றரை மணி நேரம். தூங்கும் நேரம் முழுவதும் ஒழுங்காகப் போட்டும் 12.9க்குக் கீழேதான் நிற்கிறாள். பள்ளியில் இரண்டு மணி நேரம் போட்டிருந்தால் பதின்மூன்றரை ஆகியிருக்கும். (பிரேஸ் போட்டிருப்பவர்கள் பதின்மூன்று போதும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டாம். உங்கள் மருத்துவர் சொன்ன எண்தான் உங்கள் எண்.)

அந்த இரண்டு மணி நேரத்தை அவள் ஏன் பள்ளியில் போடுவதில்லை? பிளாஸ்டிக் கனமாக இருப்பதால் மட்டும் இல்லை. உடற்கல்வி வகுப்புக்கு முன் உடை மாற்றும் அறையில் பத்துப் பேர் பார்ப்பார்கள். 'ரோபோ' என்று ஒருவன் கூப்பிடுவான். அவன் விளையாட்டாகத்தான் கூப்பிட்டிருப்பான். நாளைக்கு பிரேஸ் அலமாரியிலேயே இருக்கும். வாழ்க்கைத் தரத்தைச் சிகிச்சை முடிந்த பிறகு பார்க்கவேண்டிய மென்மையான விஷயமாக ஆய்வுகள் பல நேரம் கடைசி அட்டவணையில் வைக்கின்றன. என் கருத்தில் அதன் இடம் முதல் அட்டவணை. பள்ளியில் அவமானப்பட்டால் நேரம் குறையும், நேரம் குறைந்தால் பாகை கூடும். 'வெளியே யாருக்கும் தெரியவேண்டாம்' என்ற வீட்டுப் பேச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. மறைக்கவேண்டிய பொருள் என்று அம்மாவே சொல்லிவிட்டால், அதைப் பள்ளிக்கு எந்தப் பிள்ளை போட்டுக்கொண்டு வரும்?

சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு இதை வேறு வழியில் அணுகியிருக்கிறது. 2024இல் வெளியானது, 135 பேர். இரவில் மட்டும் போடும் பிரேஸ் ஒரு குழுவுக்கு, முதுகுக்கான சிறப்புப் பயிற்சி ஒரு குழுவுக்கு, வழக்கமான உடலியக்கம் மட்டும் ஒரு குழுவுக்கு. வளைவு 6 பாகைக்கு மேல் கூடாமல் இருந்தால் வெற்றி. இரவு பிரேஸ் குழுவில் 76 விழுக்காடு, உடலியக்கம் மட்டும் செய்த குழுவில் 53. சிறப்புப் பயிற்சிக் குழு உடலியக்கக் குழுவைவிடத் தெளிவாக முந்தவில்லை. இணையத்தில் 'பயிற்சியாலேயே முதுகை நேராக்குகிறோம்' என்று காணொளி போடுபவர்களிடம் இந்த முடிவைக் காட்டலாம்.

இரவில் மட்டும் என்றால் பள்ளி நேரம் முழுவதும் விடுதலை. கேட்கவே இனிக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் பகலும் இரவும் போடும் குழு ஒன்று இல்லை. ஆகவே இரவு பிரேஸ் முழுநேர பிரேஸுக்குச் சமம் என்று அதிலிருந்து சொல்லமுடியாது. வெற்றிக்கு வைத்த அளவுகோலும் வேறு. 72ஐயும் 76ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் உங்களுக்கு மதிப்பெண் கிடையாது!

சிகிச்சையே எடுக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஐயோவாவில் பதில் இருக்கிறது. 1932க்கும் 1948க்கும் இடையில் அங்கே வந்து, சிகிச்சை எதுவும் எடுக்காமல் போனவர்களை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 117 பேர். ஒப்பிட, அதே வயதில் ஸ்கோலியோசிஸ் இல்லாத 62 பேர். நீடித்த முதுகுவலி முதல் குழுவில் 61 விழுக்காட்டினருக்கு, இரண்டாவதில் 35 விழுக்காட்டினருக்கு. தோற்றம் பற்றிய மனக்குறையும் முதல் குழுவில் கூடுதல். ஆனால் பெரும்பாலோர் வேலை செய்து, குடும்பம் நடத்தி, மற்றவர்களைப் போலவே வாழ்ந்திருந்தார்கள். மிகப் பெரிய வளைவு இருந்தவர்களுக்குத்தான் மூச்சுத்திணறல் கவலையாக இருந்தது. 'உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் மகள் சக்கரநாற்காலிதான்' என்று பயமுறுத்துபவர்களுக்கு இந்த ஆய்வு ஒரு பதில். 'ஒன்றுமே செய்யவேண்டாம்' என்பவர்களுக்கு அந்த 61 ஒரு பதில்.

வளைவு 50ஐத் தாண்டியவர்களுக்கு அறுவை சிகிச்சை உண்டு. உலோகத் தண்டுகளையும் திருகாணிகளையும் பொருத்தி, வளைந்த பகுதியின் முள்ளெலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவார்கள். இணைத்த பகுதி பிறகு வளையாது. 22 கேள்வி வினாத்தாளை அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுத்துப் பார்த்தால், பொதுவாக அதிகம் உயர்வது தோற்றம் பற்றிய பகுதி. வலியைவிட அதுதான் கூடுதலாக மாறுகிறது. இதை மேலோட்டமான ஆசை என்று நினைக்கவேண்டாம். பிரிட்டிஷ் இளவரசி யூஜினி தம் 12ஆம் வயதில் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2018இல் திருமணத்தன்று, அந்தத் தழும்பு தெரியவேண்டும் என்பதற்காகவே முதுகு திறந்த கவுனைத் தேர்ந்தெடுத்தார். கூனி என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு அந்தப் புகைப்படம் கொஞ்சம் உதவும்.

கடைசியாக அந்தப் பத்து விநாடிச் சோதனை. அதையே செய்யவேண்டுமா என்ற விவாதம் நடக்கிறது. அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2004இல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. வீண் பயம், தேவையற்ற எக்ஸ்ரே, பலன் உறுதியில்லாத பிரேஸ் ஆகியவற்றை அது எண்ணிப் பார்த்தது. பிரேஸ் ஆய்வுக்குப் பிறகு 2018இல், 'வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை' என்று மாற்றிக்கொண்டது. சான்று மாறியதும் முடிவு மாறியது. என் சொந்தக் கருத்து, இங்கே சோதனை தொடரவேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் பிரேஸுக்கு வேலை இருக்கும், வளர்ச்சி முடிந்த எலும்பில் அதனால் பயனில்லை. ஆனால் கண்டுபிடித்த பிறகு அந்தப் பிள்ளையைப் பள்ளி எப்படி வைத்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால், பாதி வேலைதான் நடக்கிறது.

பெரிய செலவெல்லாம் ஆகாது. பிரேஸ் போட்டிருக்கும் மாணவர் உடை மாற்ற, உள்ளே தாழ் போடக்கூடிய ஓர் அறை. வியர்வையில் நனைந்த உள்பனியனை மாற்றிக்கொள்ள, இடைவேளையில் ஐந்து நிமிடம் கூடுதல். உடற்கல்விக்குக் கழற்றி வைக்கும் பிரேஸைப் பத்திரமாக வைக்க ஒரு பெட்டி. வகுப்பாசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் தெரிந்திருந்தால் போதும், வகுப்பு முழுவதற்கும் அறிவிக்கவேண்டியதில்லை. உங்கள் பள்ளியில் அந்த அறை எது என்று உங்கள் வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பிரேஸ் போட்டவர்தான் கேட்கவேண்டும் என்பதில்லை, நீங்களும் கேட்கலாம்.